எழுத்துக்கு முந்திய புள்ளி

நாகமணி விசைப்பலகையைக் குனிந்து பார்த்ததை ஆரப்பாளையத்து அச்சகத்தில் யாரும் கண்டதில்லை. பன்னிரண்டு வருடமாகக் கண்டதில்லை. இடது பக்கம் கையெழுத்துப் பிரதி, எதிரே திரை, காதில் பைண்டிங் மேசைக் கருப்பு அண்ணனின் ஊர்வம்பு. விரல்கள் மட்டும் யாரையும் கேட்காமல் அவை பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். கல்யாணப் பத்திரிகை, கும்பாபிஷேக நோட்டீஸ், காதணி விழா, கண்ணீர் அஞ்சலி எல்லாம் அந்தப் பத்து விரல் வழியாகத்தான் ஊருக்குப் போயின. "நாகமணி அடிச்சா புரூஃப் வேண்டாம்" என்று முதலாளி அனந்தராமன் வாடிக்கையாளர்களிடம் சொல்வார். அதைக் கேட்கும்போது நாகமணி திரையை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டாள். ஆனால் காது மட்டும் அந்தப் பக்கம் திரும்பியிருக்கும்.

வீட்டில் அவர்கள் பேசுவது சௌராஷ்டிரம். கணவன் சௌரிராஜனைத் திட்டுவதும் அதில்தான், சாமியிடம் முறையிடுவதும் அதில்தான். பள்ளிக்கூடத்தில் தமிழில் அவள் சுமார். பதினெட்டு வயதில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் சேர்ந்த பிறகுதான் தமிழுக்கும் அவளுக்கும் நெருக்கம் வந்தது. அங்கே இருந்த மாஸ்டர் கை மேல் ஒரு துண்டைப் போட்டு மூடிவிடுவார். கீழே பார்த்தால் ஸ்கேலால் ஒரு தட்டு. ஆறு மாதத்தில் விரலுக்கே கண் முளைத்துவிட்டது. தமிழ் டைப்பிங் ஹையர் தேர்வில் முதல் வகுப்பு வாங்கினாள். அந்தச் சான்றிதழுக்கு விளாங்குடி வீட்டில் பெருமாள் படத்துக்குப் பக்கத்திலேயே இடம் கிடைத்தது.

தொண்ணூற்றிரண்டில் அனந்தராமன் ஈய எழுத்துகளையெல்லாம் எடைக்குப் போட்டுவிட்டுக் கம்ப்யூட்டர் வாங்கியபோது, பழைய அச்சுக்கோப்பவர்கள் அதைத் தொடவே பயந்தார்கள். நாகமணி வந்து உட்கார்ந்தாள். தமிழ் விசைகள் டைப்ரைட்டரில் இருந்த அதே இடத்தில், அதே ஒழுங்கில் இருந்தன. ஒரு காலைப்பொழுதில் பழகிக்கொண்டாள். அன்றிலிருந்து அந்த நாற்காலி அவளுடையது. அதன் மேல் ஒரு பழைய பட்டுத் துணியில் மெத்தை தைத்துப் போட்டிருந்தாள். அவள் விடுப்பில் போனாலும் வேறு யாரும் அதில் உட்காருவதில்லை.

இரண்டாயிரத்து நான்காம் வருடம் பொங்கல் முடிந்த கையோடு தேவவரம் ஐயா வந்தார். இறையியல் கல்லூரியில் எபிரேய மொழி சொல்லிக்கொடுப்பவர். போதகராகப் போகிற பிள்ளைகளுக்குத் தமிழ் வழியாக எபிரேயம் கற்றுத்தர அவர் எழுதிய புத்தகம் எட்டு வருடம் முன்பு இதே அச்சகத்தில்தான் வந்தது. அப்போது தமிழை மட்டும் நாகமணி அடித்தாள். எபிரேயச் சொற்களை ஐயா கையாலேயே எழுதிக் கொடுக்க, அதைப் படமெடுத்து, வெட்டி, இடம் பார்த்து ஒட்டினார்கள். சில சொல் கோணலாக நின்றது. ஒரு சொல் தலைகீழாகவே நின்று அடுத்த எட்டு வருடமும் மாணவர்களைக் குழப்பியது.

"இந்தத் தடவை ஒட்டுற வேலையே கிடையாதும்மா" என்றார் ஐயா. அவர் கையில் ஒரு சிடி. "எபிரேய எழுத்துரு வந்திருக்கு. உங்க புது மெஷினும் விண்டோஸ் எக்ஸ்பி. தமிழ் அடிக்கிற மாதிரியே நேரா அடிச்சிரலாம். ஜூன்ல காலேஜ் திறக்கும்போது புக்கு வேணும்."

அவரே உட்கார்ந்து விளக்கினார். எழுத்து இருபத்திரண்டு. வலமிருந்து இடமாகப் போகும். உயிரொலிகளெல்லாம் புள்ளியும் கோடும்தான். எழுத்தின் காலடியில் வரும், தலைக்கு மேலே வரும், சில நேரம் வயிற்றுக்குள்ளேயும் வரும். ஒரே எழுத்துக்கு மூன்று புள்ளிக் கூட்டம் வருவதும் உண்டு. நாகமணி எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"புள்ளி வைக்கிறது எங்களுக்கு என்ன புதுசா ஐயா. தமிழ்ல இல்லாத புள்ளியா. ஒரு வாரம் குடுங்க."

வாய் சும்மா இருந்திருக்கலாம்.

மறுநாள் காலை அவள் எபிரேய விசைகளின் இடத்தை ஒரு தாளில் வரைந்து திரைக்குப் பக்கத்தில் ஒட்டினாள். எழுத்துகள் ஆங்கில விசைகளில் இருந்தன. புள்ளிகள் எண் வரிசையில் ஒளிந்திருந்தன. கேப்ஸ் லாக்கைப் போட்டு, ஷிஃப்டோடு எண்ணைத் தட்டினால் வெளியே வரும். அன்று சாயங்காலத்துக்குள் மனப்பாடம் ஆகிவிட்டது. அதற்கு அடுத்த நாள் நல்ல நேரம் பார்த்து முதல் சொல்லை அடித்தாள்.

திரையில் வலது ஓரத்தில், சிறுசிறு புள்ளிகளால் கோத்த ஒரு வெற்று வட்டம் வந்து உட்கார்ந்தது. பிரதியில் அப்படி ஒரு வட்டமே இல்லை. வட்டத்தின் காலடியில், முதல் எழுத்துக்கு வரவேண்டிய இரண்டு புள்ளி. முதல் எழுத்தின் காலடியில் இரண்டாம் எழுத்தின் புள்ளி. இரண்டாவதன் காலடியில் மூன்றாவதன் புள்ளி. பந்தியில் ஒருவர் இலைக்கு எதிரே அடுத்தவர் உட்கார்ந்து சாப்பிடுகிற மாதிரி இருந்தது. கடைசி எழுத்து ஒன்றுமில்லாமல் மொட்டையாக நின்றது.

அழித்தாள். கடைசி எழுத்து போயிற்று. இன்னொரு தடவை அழுத்தினாள், புள்ளி மட்டும் போயிற்று. வட்டம் அப்படியே முழித்துக்கொண்டு நின்றது. திரும்ப அடித்தாள். திரும்ப வட்டம். வேறு சொல் அடித்தாள். அதிலும் வட்டம். மத்தியானச் சோற்றுக்குள் அறுபது வட்டம் வந்திருக்கும். சாம்பார் சாதத்தில் கிடந்த சின்ன வெங்காயத்தைப் பார்த்ததும் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டாள்.

ஐயாவுக்குப் போன் போட்டாள். "எனக்கு வீட்டுல சரியாத்தானே வருது" என்றார் அவர். குரலில் ஒரு குற்றமும் இல்லை. அவளுக்குத்தான் சுருக்கென்றது.

அவர் பஸ் பிடித்து வந்தார். அவள் எழுந்து இடம் கொடுத்தாள். ஐயாவுக்கு டைப்பிங் தெரியாது. வேண்டியபோது இடது கையால் ஷிஃப்டை அழுத்திக்கொண்டு, வலது கை ஆள்காட்டி விரலால் மட்டும், கோழி கொத்துகிற மாதிரி, ஒவ்வொரு விசையாகத் தேடித் தேடிக் கொத்தினார். அரை நிமிடத்தில் அந்தச் சொல் திரையில் நின்றது. எல்லாப் புள்ளியும் தன் தன் எழுத்தின் காலடியில் சமத்தாக உட்கார்ந்திருந்தது. வட்டம் இல்லை.

"பாத்தீங்களா. மெஷின்ல ஒண்ணும் இல்ல."

நாகமணி உட்கார்ந்து அதே சொல்லை அடித்தாள். வட்டம்.

அவர் உட்கார்ந்தார். சரி. அவள் உட்கார்ந்தாள். வட்டம். அதே மெஷின், அதே விசை, அதே நாற்காலி, அதே மெத்தை. இப்படி மூன்று தடவை எழுந்து எழுந்து உட்கார்ந்தார்கள். பின்னால் வந்து நின்ற அனந்தராமனையும் சேர்த்து மூவரின் கண்ணும் திரையிலேயே இருந்தது. அவள் கை ஓடுகிற வேகத்தில் எது முன்னே போகிறது, எது பின்னே போகிறது என்று பார்க்கவும் முடியாது. பார்க்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவும் இல்லை. நாகமணியின் விரலைப் போய் யார் சந்தேகப்படுவார்கள்?

"இதுல நீங்க செய்யறதுக்கே ஒண்ணுமில்லம்மா" என்று ஐயா பொறுமையாகச் சொன்னார். "எழுத்துருவுக்குள்ள ஒவ்வொரு எழுத்துக்கும், புள்ளி எங்க உட்காரணும்னு இடம் குறிச்சு வெச்சிருக்கு. அதைப் படிச்சு, புள்ளியைக் கொண்டுபோய் உட்கார வெக்கிற ஒரு புரோகிராம் விண்டோஸுக்குள்ள இருக்கு. நீங்க அடிச்சா மட்டும் போதும். மத்ததை அது பாத்துக்கும்."

"அப்ப என்னைய மட்டும் அது பாத்துக்க மாட்டேங்குதா ஐயா?"

ஐயா திரையை இன்னொரு தடவை உற்றுப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

அனந்தராமன் பின்னால் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். "கைராசின்னு ஒண்ணு இருக்கோன்னோ" என்றார் கடைசியில். விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் நாகமணிக்கு முகம் சுண்டிவிட்டது. பன்னிரண்டு வருடமாக அந்த அச்சகத்தின் கைராசியே அவள்தான்.

அந்த வாரம் முழுக்க அவளுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. சர்வீஸ்காரர் வந்து விண்டோஸையே அழித்துப் புதிதாக ஏற்றினார். எழுத்துருவை எடுத்துவிட்டுத் திரும்பப் போட்டார். விசைப்பலகையை மாற்றினார். வட்டம் அவரையும் மதிக்கவில்லை. கருப்பு அண்ணன் ஒரு எலுமிச்சம்பழத்தை நறுக்கிக் குங்குமம் தடவிக் கம்ப்யூட்டரின் இரண்டு பக்கமும் வைத்தார்.

"யாரு கண்ணோ பட்டுருச்சு தாயி. நீ அடிக்கிற அடிக்கு எம்புட்டு நாளைக்குத்தான் தாங்கும்."

நாகமணி சிரிக்கவில்லை. யாரும் பார்க்காதபோது பின்கட்டுக்குப் போய்க் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வந்தாள். தனக்கே அது கேனத்தனம் என்று தெரிந்தது. இருந்தாலும் கழுவினாள்.

திங்கட்கிழமை அனந்தராமன் அவளைக் கூப்பிட்டார். எப்போதும் அவர்தான் அவள் மேசைக்கு வருவார். அன்று அவளைத் தன் மேசைக்கு அழைத்தார்.

"சனிக்கிழமை வரைக்கும் பார்ப்போம் நாகமணி. முதல் பாடம் எட்டுப் பக்கம் சரியா வந்துடுத்துன்னா ஒண்ணுமில்லை. வரலேன்னா தேவவரம் சார் மெட்ராஸுக்கு எடுத்துண்டு போயிடுவார். போனா போகட்டும், ஒரு புஸ்தகம். ஆனா இனிமே வர்றதெல்லாம் இந்த மாதிரிதான் வரும். அதுக்குத் தெரிஞ்ச ஒருத்தரைத்தான் அந்த நாற்காலில உட்கார வெக்கணும். உன்னை விட்டுடமாட்டேன். கருப்போட பைண்டிங்கைப் பாத்துக்கோ."

பைண்டிங் மேசை நாற்காலிக்கு எதிரே பத்தடி தூரத்தில்தான் இருந்தது. பசைக் கிண்ணம், ஊசி நூல், மடிக்கிற எலும்புக் கத்தி, காகிதத் தூசு. அந்த வேலையை அவள் ஒரு நாளும் மட்டமாக நினைத்ததில்லை என்று சொன்னால் அது பொய். அங்கே உட்காருகிறவர்களை யாரும் பெயர் சொல்லி வாடிக்கையாளரிடம் புகழ்ந்ததில்லை.

ராத்திரிச் சாப்பாட்டின்போது சௌரிராஜனிடம் சொன்னாள். அவன் ஜவுளிக்கடையில் சேலை விரித்துக் காட்டுகிறவன். எதையும் மடித்து வைத்துவிடலாம் என்று நம்புகிறவன். "விடு. பைண்டிங் மேசை என்ன பாவம் பண்ணிச்சு? காத்தாடிக்குக் கீழதான இருக்கு?" என்று அவர்கள் மொழியில் கேட்டான். அவள் தட்டை நகர்த்திவிட்டு எழுந்தாள். அவனுக்கும் ஒன்றும் புரியவில்லை.

செவ்வாய், புதன் இரண்டு நாளும் போயின. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அந்தப் பழமொழி அவள் மண்டைக்குள் புகுந்துகொண்டு இறங்கவே மாட்டேன் என்றது. கூடம் நேராகத்தான் இருக்கிறது. ஐயா ஒற்றை விரலால் ஆடிக் காட்டிவிட்டார். அப்படியென்றால் தனக்குத்தான் ஆடத் தெரியவில்லை. ஆனால் எந்தக் காலை எங்கே தப்பாக வைக்கிறோம்? மெதுவாக அடித்துப் பார்த்தாள். வேகமாக அடித்துப் பார்த்தாள். கண்ணை மூடிக்கொண்டும் அடித்துப் பார்த்தாள். எல்லாம் செய்தாள், கீழே மட்டும் பார்க்கவில்லை. பார்க்கும் பழக்கம் அந்தக் கழுத்துக்கே கிடையாது.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்குக் கரண்ட் போயிற்று. பதினொன்றாகியும் வரவில்லை. பன்னிரண்டானதும் அனந்தராமனுக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது.

"நாகமணி, அந்தப் பழைய டைப்ரைட்டரை எடு. மின்வாரியத்துக்கு ஒரு லெட்டர் போடறேன். வாரத்துல மூணு நாள் இப்படிப் பண்ணினா அச்சாபீஸ் நடத்தறதா, விசிறி விக்கறதா?"

டைப்ரைட்டர் மூலையில் பசை டின்களுக்குப் பின்னால் கிடந்தது. கருப்பு அண்ணன் தூக்கி வந்து வைத்துத் தூசியை ஊதினார். நாகமணி தாளைச் செருகினாள். அலுவலகக் கடிதம் என்றால் கேட்க வேண்டியதே இல்லை. முதல் சொல் 'அனுப்புநர்'தான். அ. னு. அடுத்தது ப்.

புள்ளி விசையின் கம்பி மேலே எழுந்து தாளைத் தொட்டது. அங்கேயே ஒட்டிக்கொண்டது. எத்தனை வருடத் துருவோ, இறங்கவில்லை. அடுத்து அடித்த 'ப' அதில் முட்டி, பாதி வழியிலேயே நின்றுவிட்டது. இரண்டு கம்பியும் பின்னிக்கொண்டன.

கம்பிகளைப் பிரிப்பதற்காகத்தான் அவள் முதல்முறையாகக் குனிந்தாள். பிரித்துவிட்டுத் தாளைப் பார்த்தாள்.

'அனு' என்று இருந்தது. அதற்குப் பக்கத்தில் வெறும் இடம். அந்த வெறும் இடத்தின் தலைக்கு மேல், கீழே எழுத்தே இல்லாமல், ஒரு புள்ளி மட்டும் நின்றுகொண்டிருந்தது.

நாகமணி அந்தப் புள்ளியையே பார்த்தாள். இதை அவள் பார்த்திருக்கிறாள். பத்து நாளாக இதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள். எழுத்து இல்லாத இடத்தில் வந்து நிற்கிற புள்ளி. திரையில் அது காலடியில் நின்றது, நிற்க இடம் வேண்டுமே என்று மெஷின் ஒரு வெற்று வட்டத்தைப் போட்டுக் கொடுத்தது. அவ்வளவுதான் வித்தியாசம்.

தமிழ் டைப்ரைட்டரில் புள்ளியைத்தான் முதலில் அடிக்க வேண்டும். அந்த விசையைத் தட்டினால் உருளை நகராது. புள்ளி விழுந்து காத்திருக்கும். பிறகு எழுத்தைத் தட்டினால், அது புள்ளிக்குக் கீழே வந்து விழும். கம்ப்யூட்டரில் போட்டிருந்த தமிழும் பழைய கை பழகிய ஆட்களுக்காக அதே முறையில்தான் வேலை செய்தது. பதினெட்டு வயதிலிருந்து அவள் விரல் புள்ளிக்குப் பின்னால்தான் எழுத்தைத் தேடியிருக்கிறது. எபிரேயத்திலும் அதையே செய்திருக்கிறது. ஆனால் அங்கே உட்கார்ந்திருக்கிற புரோகிராமோ, எழுத்து முதலில் வரும், அதற்குப் பின்னால் வருகிற புள்ளி அந்த எழுத்துக்குச் சொந்தம் என்று நினைக்கிறது. அவள் இரண்டாம் எழுத்துக்காக முன்கூட்டி அடித்த புள்ளியை, ஏற்கெனவே வந்து நிற்கிற முதல் எழுத்தின் காலில் கட்டிவிடுகிறது. முதல் புள்ளிக்கு முன்னால் யாருமே இல்லை. அதற்குத்தான் வட்டம்.

"என்னம்மா, அனுப்புநரோட நின்னுட்டே?" என்றார் அனந்தராமன்.

"கரண்டு வரட்டும் சார்" என்றாள் அவள். தாளை உருவி மடித்து வைத்துக்கொண்டாள். கடிதம் அன்று போகவே இல்லை.

மூன்று மணிக்குக் கரண்ட் வந்தது. நாகமணி உட்கார்ந்து, குனிந்து, தன் விரல்களைப் பார்த்தாள். எழுத்தைத் தட்டினாள். பிறகு புள்ளியைத் தட்டினாள். எழுத்து. புள்ளி. ஐயாவைப் போலக் கோழி கொத்தாகக் கொத்தினாள். சொல் வந்து நின்றது. வட்டம் இல்லை. ஒவ்வொரு புள்ளியும் தன் வீட்டு வாசலில் நின்றது. அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை. அழுகைதான் வந்தது. இம்புட்டுக்குத்தானா இத்தனை பாடு?

சனிக்கிழமை எட்டுப் பக்கத்தையும் தேவவரம் ஐயா உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தார். ஒரு புள்ளி தப்பவில்லை. "என்ன செஞ்சீங்க? எழுத்துருவை மாத்திப் போட்டீங்களா?" என்று கேட்டார்.

பக்கத்தில் நின்று அனந்தராமனும் கேட்டுக்கொண்டிருந்தார். ஆமாம், மெஷின் கோளாறு, இப்போது சரியாயிற்று என்று சொன்னால் இரண்டு பேரும் நம்பிவிடுவார்கள். சர்வீஸ்காரர் மறுக்கப் போவதில்லை. நாகமணிக்கு அந்தப் பொய் நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

"மெஷின்ல ஒண்ணுமில்லங்க ஐயா. என் கைதான். புள்ளிய முன்னாடி அடிச்சிருக்கேன். இருபது வருஷமா அப்படியேதான் அடிச்சிட்டு இருக்கேன், எனக்கே தெரியாம."

ஐயா தன் ஆள்காட்டி விரலைத் தூக்கிப் பார்த்துக்கொண்டார். "நான் கையால எழுதுற மாதிரியே அடிச்சேன். அதான் சரியா வந்திருக்கு" என்றார். அனந்தராமன் தன் மேசைக்குப் போய்விட்டார். நாற்காலி அவளிடமே இருந்தது.

கதை இங்கே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் அது பாதித் தமிழ், பாதி எபிரேயம் கலந்த புத்தகம். ஒரே வரியில் தமிழ் வரும், நடுவில் எபிரேயச் சொல் ஒன்று வரும், மறுபடி தமிழ் வரும். இதில் புள்ளி முதலில், அதில் எழுத்து முதலில். ஒரு வரியில் நாலு தடவை விரல் குணம் மாற வேண்டும். இரண்டு நாளில் அவளுக்கு வெறி பிடித்த மாதிரி ஆகிவிட்டது. எபிரேயத்தில் வட்டம் ஒழிந்தது, ஆனால் தமிழில் புள்ளி இடம் மாறத் தொடங்கியது. இதுவரை கனவில்கூட நடக்காத காரியம். கடைசியில் அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். காலை முழுக்கத் தமிழ் மட்டும், எபிரேயத்துக்கு இடம் விட்டுவிட்டு. சாப்பாட்டுக்குப் பிறகு எபிரேயம் மட்டும். நடுவில் கை கழுவுவாள். இப்போது அதைக் கேனத்தனம் என்று அவள் நினைக்கவில்லை. இந்த முறையில் நூற்று நாற்பது பக்கம் மே மாதக் கடைசியில் முடிந்தது. குனிந்து குனிந்து பார்த்ததில் கழுத்து வலி மட்டும் நிலைத்தது.

கடைசி நாள் சாயங்காலம் எபிரேயத் திருத்தம் ஓடிக்கொண்டிருந்தபோது ஐயா ஒரு சீட்டை நீட்டினார். "நன்றியுரை. இன்னைக்கே சேத்திருங்கம்மா." ஐந்து வரி. கடைசி வரியில் அவள் பெயர் இருந்தது. கன்னம் சூடாயிற்று. தன் பெயரைத் தானே அடிக்கிற கூச்சத்தில், பக்கத்தில் யாராவது பார்க்கிறார்களோ என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு, மளமளவென்று அடித்து அச்சுக்கு அனுப்பிவிட்டாள். அந்தப் பக்கத்துக்குப் புரூஃப் எடுக்கவில்லை. ஐந்து வரித் தமிழ்தானே, நாகமணி அடித்த தமிழ்.

ஜூன் முதல் வாரம் முந்நூறு பிரதி பைண்டிங் முடிந்து கட்டுக்கட்டாக அடுக்கி நின்றது. ஐயா சாயங்காலம் எடுத்துப்போக வருவதாகச் சொல்லியிருந்தார். நாகமணி ஒன்றை எடுத்து நேராக நன்றியுரைக்குத்தான் போனாள். 'திருமதி நாகமணி அவர்களின் பிழையற்ற விரல்களுக்கு' என்று ஐயா எழுதியிருந்தார். புத்தகத்தில் 'பிழையறற்' என்று இருந்தது. எபிரேயம் அடித்த சூட்டில் விரல் எழுத்தை முதலில் போட்டுவிட்டிருக்கிறது. முதல் ற-வின் தலையில் நிற்க வேண்டிய புள்ளி இரண்டாவதன் தலையில் ஏறி நின்றது. முந்நூறு பிரதியிலும் நின்றது.

நூற்று நாற்பது பக்கத்தில் எபிரேயப் புள்ளி ஒன்றுகூடத் தப்பவில்லை. தப்பியது இந்த ஒன்றுதான். அவளுக்கு ஒரு கணம் சிரிப்புக்கூட வந்தது. புத்தகத்தை மூடிவிட்டாள். திறந்தாள். அப்படியேதான் இருந்தது.

அனந்தராமனிடம் காட்டினாள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். "யாரும் கவனிக்கமாட்டா, விடு" என்றார் மெதுவாக.

"நான் கவனிச்சிட்டேனே சார்" என்றாள் நாகமணி.

ஒரு பிளேடும் கறுப்பு மைப் பேனாவும் எடுத்துக்கொண்டு பைண்டிங் மேசைக்குப் போனாள். கருப்பு அண்ணன் பசைக் கிண்ணத்தை நகர்த்தி இடம் விட்டார்.

"என்ன தாயி, நாற்காலிய விட்டுட்டு இங்க வந்துட்ட?"

"இன்னைக்கு மட்டும்தான் அண்ணே. கட்டைப் பிரிச்சு ஒண்ணொண்ணாத் தாங்க."

அவர் கொடுத்தார். அவள் தலையைக் குனிந்து பிளேடின் முனையால் இரண்டாம் ற-வின் புள்ளியைச் சுரண்டி ஊதினாள். பேனாவை முதல் ற-விடம் கொண்டுபோனாள். எழுத்து முன்பே அங்கே இருந்தது, தலைக்கு மேல் இடம் காலியாக இருந்தது. ஒன்றாம் வகுப்பில் சிலேட்டில் எழுதிய நாளில் அவளும் எழுத்தைப் போட்டுவிட்டுத்தான் புள்ளி வைத்திருக்கிறாள். எல்லோரும் அப்படித்தான் வைக்கிறார்கள். அவள் புள்ளியை வைத்துவிட்டு அடுத்த பிரதிக்குக் கையை நீட்டினாள்.